குசினியில் வைத்த ஒட்டு நாற்றுகள்

கொழும்பில் இருபத்திரண்டு வருடம் கடையில் நின்றுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, என் வீட்டில் சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புறக்கோட்டையில் நான் நின்ற துணிக்கடையை முதலாளி மூடிவிட்டார். விலையெல்லாம் தாறுமாறாக ஏறி, துணி வாங்க ஆளில்லாமல் போயிருந்த காலம். ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக ரயிலில் ஹட்டனுக்கு வந்து, நோர்வூட் பஸ் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன். அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மனைவிக்கு ஐம்பது.

அதுவரை நான் வீட்டுக்கு வந்ததெல்லாம் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். வந்தால் நான்கு நாள், மிஞ்சினால் ஐந்து. அந்த நாட்களில் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைப்பாள், புதுப் பாய் விரிப்பாள், "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாத" என்று மகளை அதட்டுவாள். ஐந்தாம் நாள் நான் பஸ் ஏறும்போது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வந்தவரை உபசரித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான்.

இந்தத் தடவை ஐந்தாம் நாள் கழிந்தும் நான் போகவில்லை. மகள் கல்யாணமாகித் தலவாக்கலைப் பக்கம் போய்விட்டாள். லயத்து வரிசை வீட்டில் எங்கள் இரண்டு காம்பரா அறையிலும் நாங்கள் இருவர் மட்டும். அவள் விடியுமுன்பே எழுந்து அடுப்பு மூட்டி, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவாள். மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் மறுபடி அடுப்பு. சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் போடவா?" என்பாள். "போதும்" என்பேன். அதற்குமேல் எங்களுக்குப் பேச எதுவும் இருக்கவில்லை. சண்டையும் இல்லை. சண்டை பிடிக்கும் அளவுக்கு ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கவில்லை.

லயத்துக்குப் பின்னால் சரிவில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அவள் அதில் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்தாள். சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால் தக்காளி போடலாம் என்று நான்தான் சொன்னேன். கொழும்பில் தக்காளி விற்கிற விலை எனக்குத் தெரியும். வளர்க்கத் தெரியாது. அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போஞ்சிப் பந்தலைப் பிரித்து இடத்தைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள்.

நூற்றிருபது செடி நட்டேன். ஒரு மாதம் நன்றாக வந்தது. பிறகு நுனி இலைகள் விளிம்பு மஞ்சளாகி, கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டன. செடியை லேசாகத் தட்டினால் இலைக்கடியிலிருந்து வெள்ளைத் தூசிபோலச் சின்ன ஈக்கள் பறந்தன. கடையில் கேட்டு மருந்து வாங்கி அடித்தேன். ஈ குறைந்தது, சுருட்டல் நிற்கவில்லை. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. செடிகள் முழங்காலுக்கு மேல் வளராமல் கூனிப் போயின. ஒரு சனிக்கிழமை நூற்றிருபதையும் பிடுங்கிக் குவித்தேன். வேலை முடிந்து வந்தவள் குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மொகம் கழுவிட்டு வாங்க. ரொட்டி சுடுறேன்" என்றாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

விவசாயப் போதனாசிரியர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. முப்பது வயதுகூட இருக்காது, சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் பேசுவார், முட்டிக்கொண்டால் சிங்களத்துக்குப் போய்விடுவார். தக்காளிச் சுருட்டலால் பல பேருடைய பயிர் போயிருந்ததால், வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டு நாற்றுப் போடுவது எப்படி என்று காட்டுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மனைவி போகவேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். பதினேழு பெண்கள், ஆண் என்று நான் ஒருவன்.

இது வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸ் என்றார் அவர். முன்பு இந்தக் குளிருக்கு அந்த ஈ அவ்வளவாக ஏறி வராது, இப்போது வருகிறது. செடிக்குள் புகுந்த வைரஸை வெளியேற்ற மருந்து கிடையாது. ஆனால் நோயைத் தாங்கக்கூடிய ஒரு முரட்டுத் தக்காளி வகை இருக்கிறது. காய் சின்னது, புளிப்பு, கடையில் எவரும் வாங்கமாட்டார்கள். வேர் மட்டும் பலம். அந்த நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அதன் தண்டில் நல்ல தக்காளியின் தலையை ஒட்டவைக்க வேண்டும்.

"அப்ப நோவு வராதுங்களா மிஸ்?" என்று என் மனைவி கேட்டாள். கூட்டத்தில் அவள் கேள்வி கேட்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அவர் தமிழில் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னார். நான் மனைவியிடம் திருப்பிச் சொன்னேன்: "வராதுன்னு சொல்ல முடியாதாம். வந்தாலும் செடி தாங்கிக்கிட்டுக் காய்க்குமாம்."

"அது போதும்" என்றாள்.

தண்டுகள் இரண்டும் ஒரே பருமனாக இருக்கவேண்டும். தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிப்பம். புது பிளேடால் இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, சின்ன ரப்பர் குழாய்த் துண்டுக்குள் இரண்டு வெட்டு முகமும் பொருந்தும்படி செருகவேண்டும். போதனாசிரியர் ஒன்று செய்து காட்டினார். என் மனைவி இரண்டாவதைச் செய்தாள். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த விரல்கள். தண்டை எவ்வளவு அழுத்தினால் நசுங்கும், எவ்வளவில் நிற்கும் என்று அந்த விரல்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போதனாசிரியர் அதை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலை குனிந்தாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

அடுத்து நான் கையை நீட்டினேன். போதனாசிரியர் குழாயைத் தராமல் கொஞ்சம் தயங்கினார்.

"அங்கிள், பொகையில போடுறது?"

நான் கடையில் நின்ற காலத்திலிருந்து வெற்றிலையும் புகையிலையும் போடுவேன். ஆமாம் என்றேன். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம், புகையிலையில் இருக்கிற இன்னொரு வைரஸ் கை வழியாகவே வெட்டுக்குள் போய்விடும் என்று விளக்கினார். அன்றைக்குப் புகையிலை தொடக்கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பால்மா கரைத்த தண்ணீரில் நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பால் அந்த வைரஸை அடக்குமாம்.

"பால்மா விக்கிற வெலைக்குக் கை கழுவுறதா?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, பெண்களெல்லாம் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

நாற்பது நாற்றுக்கான விதையும் குழாயும் வாங்கிக்கொண்டு வந்தோம். நாற்று பதத்துக்கு வந்ததும், அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த ஒரு நாளில் நானே எல்லாவற்றையும் ஒட்டினேன். அவள் வரும்போது செய்து முடித்துக் காட்டவேண்டும் என்று ஆசை. ஒட்டிய நாற்றை ஒரு வாரத்துக்கு வெளிச்சம் படாமல், ஈரம் போகாமல் மூடிவைக்க வேண்டும். பெட்டி ஒன்றில் அடுக்கி, பொலித்தீன் போட்டு, வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வைத்தேன். பிடித்ததா இல்லையா என்று மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் தலைகள் சாய்ந்தன. ஐந்தாம் நாள் நாற்பதும் செத்துப்போயின.

அன்று மாலை அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒட்டுகளில் பாதி சரியாகப் பொருந்தவே இல்லை. சில தண்டுகளில் என் நகம் பட்ட அடையாளம் இருந்தது.

"இதுக்கு நாலு கை வேணும்ங்க" என்றாள். "ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் செருகணும். வெட்டுன ஒடனே செருகணும். காய விட்டா ஒட்டாது."

பிறகு பெட்டி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தரை ஈரமும் குளிருமாக இருந்தது.

"இஸ்தோப்புல வச்சா வெறைச்சுப் போகாதா? குசினியில வைங்க. அடுப்புக்குப் பின்னால செவரு சூடா இருக்கும்."

"இத ஏன் முன்னமே சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது அன்று முழுவதும் காதில் இருந்தது.

இரண்டாவது தடவை ஐம்பது நாற்று. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். அவள் ஒரு கோப்பையில் இரண்டு கரண்டி பால்மா கரைத்து வைத்திருந்தாள். நான் கையை விட்டபோது என் விரல்களைப் பிடித்துத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"முந்தாநாள்ல இருந்து போடல" என்றேன்.

"பொகையிலைய விடுங்க விடுங்கன்னு போன்ல எத்தன வருசம் சொல்லியிருக்கேன். தக்காளி சொன்னதும் விட்டுட்டீங்க."

நான் வெட்டினேன், அவள் செருகினாள். குசினி வாசலில் எதிரெதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தோம். கண் முழுவதும் தண்டின் மேலேயே இருக்கவேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அதனாலோ என்னவோ, அன்று பேச்சு வந்தது. பத்துப் பதினைந்து நாற்று வரைக்கும் "கொஞ்சம் மேல", "இது மெல்லிசு, வேற எடுங்க" என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் சாதாரணமாக, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல, ஒரு விஷயம் சொன்னாள். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு காற்றுமழையில் இந்தக் காம்பராவின் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டதாம். தாயும் மகளும் மேசைக்கடியில் உட்கார்ந்து, மகளின் புத்தகங்களை மடியில் வைத்துப் படங்கால் மூடிக்கொண்டு விடியும்வரை இருந்தார்களாம்.

நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அடுத்த நாள் போன் எடுத்தீங்க. மழையான்னு கேட்டீங்க. ஆமா மழைன்னு சொன்னேன்." அவள் குழாயைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "சொன்னா நீங்க அங்க நின்னுக்கிட்டு என்ன செய்வீங்க? வெட்டுங்க, காயுது."

வெட்டினேன். அந்த ஒன்று கோணலாகப் போனது. அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பிறகு நானும் சொன்னேன். கடை மாடியில் எட்டுப் பேர் படுத்த அறையைப் பற்றி, மஞ்சள்காமாலை வந்து பன்னிரண்டு நாள் படுத்திருந்ததைப் பற்றி, அதை வீட்டுக்குச் சொல்லாமல் விட்டதைப் பற்றி. அவள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். "யாரு கஞ்சி வச்சுக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்துக் கடைப் பையன்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஐம்பதும் முடிய மதியம் தாண்டிவிட்டது. பெட்டிக்குள் அடியில் ஈரச் சாக்கு, மேலே பொலித்தீன், அதற்கு மேல் அவளுடைய பழைய சேலையொன்று. அடுப்புக்குப் பின்சுவரோரம் வைத்தோம். காலையும் மாலையும் ஒரு தடவை மட்டும் திறந்து தண்ணீர் தெளிக்கவேண்டும், அதற்குமேல் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

மூன்றாம் நாள், புதன்கிழமை. பத்து மணி இருக்கும். அடுத்த காம்பரா அக்கா மலையிலிருந்து ஓடிவந்தார். கொழுந்துக் கூடைகூட முதுகில் இல்லை. குளவி கலைந்துவிட்டது, ஆறு பேரைக் கொட்டிவிட்டது, என் மனைவிக்குத்தான் அதிகம், லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். நான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தோடு சந்திக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன்.

வார்டில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, கண்கள் இரண்டும் கோடுகளாக இருந்தன. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல இருந்தன. கட்டில் நம்பரைத் தாதிதான் காட்டினார். பக்கத்தில் போய் நின்றதும், அவள் என்னைப் பார்க்காமலே, வாசனையில் தெரிந்ததோ என்னவோ, "வந்துட்டீங்களா?" என்றாள்.

கொட்டு அதிகம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரண்டு நாள் கவனித்துத்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னார். நான் அங்கேயே இருந்தேன். பார்வையாளர் நேரத்தில் உள்ளே, மற்ற நேரம் வெளி பெஞ்சில். மகளுக்குப் போன் பண்ணினேன், அவள் கைக்குழந்தையோடு புறப்பட முடியாமல் அழுதாள். இருபத்திரண்டு வருடம் இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது, என்ன போனது என்று தெரியாமல் வேறொரு ஊரில் துணி அளந்துகொண்டிருந்தேன் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. தக்காளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை அவளுக்குக் கண் கொஞ்சம் திறந்தது. சூப் வாங்கிக்கொண்டுபோய்க் கரண்டியால் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "நாத்துக்குத் தண்ணி தெளிச்சாச்சா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. அடுப்பெரியாத குசினியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு நாள் முழுவதும் இருந்திருக்கிறது.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன். அவங்க தெளிக்கிறாங்க" என்றேன்.

"ம்" என்றாள். பிறகு, "சூப்புல உப்பு இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பயமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் அவள் என் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். எனக்குள் முழுவதும் அந்தப் பெட்டிதான். வீட்டுக்குப் போனதும் அவளைப் படுக்கவைத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பெட்டியைப் பின்பக்கமாகத் தூக்கிப்போட்டுவிட்டு, எலி நாசம் பண்ணிவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

ஆனால் கதவைத் திறந்ததும் அவள் படுக்கைக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நேரே குசினிக்குப் போனாள். அடுப்பு சாம்பலாகிக் கிடந்தது. பெட்டியின் மேல் கிடந்த பழைய சேலை, அதைச் சுற்றி இன்னொரு சாக்கு. இரண்டையும் தொட்டேன். இன்னும் ஈரம். புதன்கிழமை விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் அவள்தான் அந்தச் சாக்கைத் தண்ணீரில் முக்கிச் சுற்றிவிட்டு, உள்ளே ஒரு தட்டில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்று காலைத் தெளிப்பையும் அவளே முடித்திருந்ததால் நான் பெட்டிப் பக்கம் போகவில்லை. எனக்குத் தெரியாது.

"தெறங்க" என்றாள்.

பொலித்தீனை விலக்கினேன். உள்ளிருந்து ஈரமான பச்சை வாசனை வந்தது. சில தலைகள் சாய்ந்து கிடந்தன. ஆனால் நடுவிலும் சுவரோரத்திலும் பல நிமிர்ந்து நின்றன. அவள் வீங்கிய கையை நீட்ட முடியாமல் கண்ணால் எண்ணினாள். நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பத்தொன்று.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அக்காகிட்ட நான் சொல்லவே இல்ல" என்றேன். "கதவப் பூட்டிட்டு ஓடியாந்துட்டேன். நீ கேக்குற வரைக்கும் எனக்கு நெனப்பே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்புடி?"

"சாவி ஒங்க சட்டப்பையில கெடந்துச்சு. நான் கேட்டதும் கைய வச்சு அமுக்கிப் பார்த்தீங்க."

"அப்பவே சொல்லியிருந்தா நான் ஒரு ஓட்டம் வந்து தெளிச்சிட்டுப் போயிருப்பேன்ல?"

அவள் பெட்டியைப் பார்த்தபடியே நின்றாள். வீங்கிய உதட்டால் பேசுவது அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"அதான் சொல்லல" என்றாள். "சொன்னா போயிருப்பீங்க."

நான் எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். கொட்டு வாங்கிய இடமெல்லாம் வலிக்குமே என்று பயந்து பயந்துதான் பிடித்தேன். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி என் மேல் சாய்ந்ததில்லை.

இரண்டு நாள் கழித்துப் போதனாசிரியர் அவளைப் பார்க்க வந்தார். குசினிக்குள் வந்து நாற்றுகளையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் திறக்காமல் விட்டதுதான் நாற்றுக்கு நல்லதாகப் போயிருக்கும் என்றார். "அங்கிள் வீட்டுல இருந்தா தெறந்து தெறந்து பாப்பீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அது உண்மைதான்.

மனைவிக்கு மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. நான் நட்டேன். அவள் சரிவின் மேலே ஒரு கல்லில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், புதைத்தால் மேல்தலை தானாக வேர் விட்டுவிடும், பிறகு ஒட்டியதற்கே அர்த்தமில்லை. எனக்கு அது புரிந்தும் பழக்கத்தில் ஒரு வரிசைக்கு மண் அணைத்துவிட்டேன். அவள் இறங்கி வந்து, வீக்கம் வடியாத விரல்களால் ஒவ்வொரு தண்டையும் சுற்றி மண்ணை விலக்கினாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒட்டாத சாதாரண நாற்று பத்தும் நடச்சொல்லிப் போதனாசிரியர் தந்திருந்தார், வித்தியாசம் பார்க்க.

வெள்ளை ஈ வரத்தான் செய்தது. சாதாரணச் செடி பத்தும் பூக்கும் சமயத்தில் சுருண்டு, முன்பு என் நூற்றிருபது கூனியதுபோலவே கூனின. ஒட்டுச் செடிகளைத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் சிலவற்றின் நுனியிலும் அதே மஞ்சள் விளிம்பு. அன்று நான் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

"வந்துருச்சா?" என்றாள்.

"வந்துருச்சு."

"இருக்கட்டும், பாப்போம்."

நான்கு செடி தேறவில்லை. மற்றவை நுனி இலை கொஞ்சம் சுருங்கியபடியே வளர்ந்தன. சுருங்கிய இலைக்கடியில் பூத்தன, பூ நின்றது, காய்த்தன. காய் போதனாசிரியர் காட்டிய படத்தில் இருந்த அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் கொத்துக்கொத்தாக இருந்தன. முதலில் பழுத்ததை அவள் அங்கேயே சேலையில் துடைத்து, கத்தியால் இரண்டாக வெட்டி, மடியிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி ஒரு பாதியை என்னிடம் தந்தாள். நின்றபடியே தின்றோம். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

வேலியோரம் ஒரு செடியில், ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளையை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அதைக் கிள்ளிவிடவேண்டும் என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். கம்புக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்து, கோலிக்குண்டு அளவில் பத்துப் பதினைந்து சின்னப் பழம் காய்த்திருந்தது. ஒன்றைக் கடித்தேன், பல் கூசியது. வெட்டிப் போடலாம் என்றேன். அவள் எல்லாவற்றையும் பறித்து, காய்ந்த மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அம்மியில் அரைத்தாள். அன்று நான் வழக்கத்தைவிட இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றேன். "இன்னும் போடவா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தட்டில் போட்டாள். அடுத்த போகத்தில் அந்த முரட்டுச் செடியையும் தனியாக நான்கு நடவேண்டும் என்று முடிவு பண்ணினோம்.

அதற்கெல்லாம் முன்பு, செடிகள் பூக்குமுன்பே, குளவி கொட்டி மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வேலைக்குப் போன காலை, பனி இறங்கியிருந்தது. நான் முன்னமே எழுந்து தேத்தண்ணீர் ஊற்றி வைத்தேன். படங்கு கட்டும்போது அவள் கை சற்று நின்றதைப் பார்த்தேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன். பெரட்டுக் களம் வரை போனேன். அங்கிருந்த பெண்கள், "என்ன அண்ணே, பேர் கொடுக்கப் போறீங்களா?" என்று கேலி பண்ணினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். குளவி இருந்த மரத்தைச் சுற்றி இரண்டு நிரை விட்டுத்தான் இன்றைக்கு எடுப்பார்கள் என்று கங்காணி சொன்னார். நான் போகாமல் நின்றேன்.

"போங்க, நான் பாத்துக்குவேன்" என்றாள்.

"போறேன். நீ மலைக்கு ஏறு, பாத்துட்டுப் போறேன்."

அவள் ஏறினாள். தேயிலை நிரைகளுக்கிடையே அவளுடைய கூடை பனிக்குள் மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இப்போது கேலி பண்ணுகிறவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சலென்று படுத்திருந்தபோது, "அண்ணன் எங்க?" என்று களத்தில் எல்லோரும் கேட்டார்களாம். அன்று மத்தியானம் அவள் கஞ்சி வைக்க வீட்டுக்கு வந்துவிட்டாள்.